காலி இருக்கையில் இருப்பது யார்?

சாஞ்சி தோரணங்களில் மரம் உண்டு, சக்கரம் உண்டு, பாதச்சுவடு உண்டு. புத்தரின் மனித உருவம் மட்டும் இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதிச் சிற்பங்கள் சிலவற்றிலும் அடியார்கள் காலி இருக்கையை வணங்குகிறார்கள்.

மூன்றாம் வகுப்புக் குழந்தை இதைப் பார்த்தால், "சாமி எங்கே?" என்றுதான் கேட்கும். உருவம் கடந்ததை உருவத்தில் காட்ட முடியுமா என்ற பழைய சமயக் கேள்வி அது. அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடக் கூடாது. "உன் பாட்டியை வரை, ஆனால் பாட்டி படத்தில் இருக்கக் கூடாது" என்று ஆசிரியர் சொல்லலாம். கண்ணாடி, கைத்தடி, வெற்றிலைப் பெட்டி என்று தாள் நிரம்பும். குறியீடு என்றால் என்னவென்று விளக்கவே வேண்டியிருக்காது.

குறியீட்டை அடுத்துப் பாணியைப் புரியவைக்க, மனித உருவில் வடிக்கப்பட்ட மூன்று புத்தர்கள் போதும். காந்தாரத்துச் சிலைக்கு அலையலையான முடியும் கிரேக்கச் சாயலில் மடிப்பு விழும் ஆடையும்; மதுராவில் செந்நிற மணற்கல், அகன்ற மார்பு, உடலோடு ஒட்டிய மெல்லிய துணி; நாகப்பட்டினத்து வெண்கலத்தில் தலையுச்சியில் தீச்சுடர். பொருள் ஒன்றுதான், கைகள் வேறு.

காலி இருக்கைக்கு அறிஞர்களிடமும் ஒரே விடை கிடையாது. அது புத்தரையே குறிக்கிறது என்பது நெடுநாள் கருத்து. அவருக்குப் பின் மக்கள் வழிபட்ட புனிதத் தலங்களையே பல சிற்பங்கள் காட்டுகின்றன என்று 1990-இல் கலை வரலாற்றாசிரியர் சூசன் ஹண்டிங்டன் வாதிட்டார். இந்த விவாதத்தையும் குழந்தைகளிடம் தயங்காமல் சொல்லலாம். எந்தப் பக்கம் நிற்பது என்று அவர்களே சிற்பத்தைப் பார்த்து வாதாடட்டும்.