அறமும் விலைச்சீட்டும்

மனிதனின் நற்செயல் அவன் உள்ளத்தின் உயர்விலிருந்து பிறக்கின்றதா, அவன் வாழும் சமுதாயத்தின் அமைப்பிலிருந்து பிறக்கின்றதா? அறநூலாரும் தத்துவ ஞானிகளும் நெடுங்காலமாக விவாதித்துவரும் கேள்வி இது. பழைய கேள்விகளுக்குச் சில வேளைகளிற் சந்தையே புதிய சான்றுகளைத் தருகின்றது. அத்தகைய சான்றொன்றை இங்கு ஆராய்வோம்.

பெற்றோல் கார்களைக் கைவிட்டு மின்சாரக் கார்களுக்கு மாறுவது, பூமியின் வெப்ப உயர்வைத் தணிக்கும் வழிகளுள் ஒன்றென இன்று ஒப்புக்கொள்ளப்படுகின்றது. ஆகவே, மின்சாரக் கார் வாங்குபவன் பொறுப்புள்ளவன், பெற்றோல் கார் வாங்குபவன் பொறுப்பற்றவன் என்று தீர்ப்புக் கூறும் வழக்கமும் வளர்ந்துள்ளது. இத்தீர்ப்புச் சரிதானா? வெவ்வேறு கார்களை ஒப்பிட்டால் விடை தெளிவாகாது. ஒருவன் தோற்றத்தைக் கருதியிருப்பான். மற்றொருவன் கம்பனியின் பெயரைக் கருதியிருப்பான். ஒரே கார் இருவகையாகவும் விற்கப்படும்போதுதான் ஒப்பீடு கூர்மையடைகின்றது.

ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் கம்பனி 2014 முதல் 2020 வரை தனது கோல்ஃப் காரை அவ்வாறு தயாரித்தது. பெயர் ஒன்று, உடல் ஒன்று, இருக்கைகளும் ஒன்று. ஒன்று எண்ணெயில் ஓடியது. மற்றது பற்றரியில் ஓடியது. 2017இல் நோர்வே நாட்டில் மிகுதியாக விற்பனையான கார் கோல்ஃப் ஆகும். அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை மின்சாரக் கார்கள். அதே ஆண்டில், அக்கார் பிறந்த ஜேர்மனியில் விற்பனையான கோல்ஃப் கார்களுள் மின்சார வகை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

அப்படியாயின், நோர்வே மக்கள் அறவோர், ஜேர்மன் மக்கள் அறம் குன்றியோர் என்று கொள்வதா? விலைச்சீட்டைப் பார்த்தோர் அவ்வாறு கூறார். நோர்வேயின் மின்சாரக் கார்ச் சங்கம் வெளியிட்ட ஒப்பீடொன்றின்படி, இறக்குமதி விலையிற் பெற்றோல் கோல்ஃப் ஏறத்தாழ 22,000 யூரோ; மின்சார கோல்ஃப் ஏறத்தாழ 33,000 யூரோ. இந்த 11,000 யூரோ இடைவெளியை உபதேசத்தாற் கடக்கவைத்தல் அரிது. ஆனால் நோர்வே அரசு பெற்றோல் காரின் புகைக்கு வரி விதித்தது. எடைக்கு வரி விதித்தது. அவற்றோடு நூற்றுக்கு 25 வீதம் பெறுமதி சேர் வரியும் விதித்தது. மின்சாரக் காருக்கு இவற்றிலிருந்து விலக்களித்தது. முடிவில் வாங்குவோனின் கைக்கு வரும்போது பெற்றோல் கார் 34,000 யூரோவாக உயர்ந்தது. மின்சாரக் கார் 33,000 யூரோ அளவிலேயே நின்றது. மலிவானதை வாங்கியவன் நல்லவனாகவும் ஆனான்.

ஜேர்மனியின் பின்னைய அனுபவமும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. மின்சாரக் கார்களுக்கு வழங்கிய மானியத்தை அந்நாட்டு அரசு 2023 டிசெம்பரிற் திடீரென நிறுத்தியது. 2023இல் அங்கு 524,219 புதிய மின்சாரக் கார்கள் பதிவாகியிருந்தன. 2024இல் 380,609 மட்டுமே பதிவாகின. ஒரு நாட்டு மக்களின் மனச்சாட்சி ஓராண்டிற் காற்பங்குக்கு மேல் சுருங்கிவிட்டதென்று எவரும் வாதாடத் துணியார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். மனிதன் விலைக்கு ஆடும் பொம்மைதானா? அவனுடைய சித்தத்துக்கு வரலாற்றில் இடமே இல்லையா? அவ்வாறு முடிவு கட்டுவது யாந்திரிகமான சிந்தனையாகும். விலைச்சீட்டு வானத்திலிருந்து விழுவதன்று. அதையும் மனிதரே எழுதுகின்றனர்.

1989இல் பெல்லோனா என்னும் சூழல் இயக்கத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் ஹாவ்கேயும், ஆ-ஹா இசைக்குழுவின் கலைஞர்களும், மின்சாரத்தில் ஓடுமாறு மாற்றப்பட்ட சிறிய ஃபியட் பாண்டா காரொன்றை நோர்வேக்குக் கொண்டுவந்தனர். வீதிக் கட்டணம் செலுத்த மறுத்து அதனை ஓட்டினர். அபராதங்கள் குவிந்தன, கார் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தது. அவர்கள் அதனை மீண்டும் பெற்று மீண்டும் ஓட்டினர். நல்ல காரொன்றை வாங்கிவிட்டோம் என்று நிறைவடைந்து வீட்டில் இருக்கவில்லை. விதியை மாற்றுமாறு கேட்டனர். 1990இல் இறக்குமதி வரி விலக்கும், 1997இல் வீதிக் கட்டண விலக்கும், 2001இல் பெறுமதி சேர் வரி விலக்கும் வந்தன. 2024இல் அந்நாட்டில் விற்பனையான புதிய கார்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்சாரக் கார்கள். மனிதச் சித்தம் செயற்பட்டது உண்மை. ஆனால் அது வலிமையோடு செயற்பட்ட இடம் கார்க்கடையன்று. கட்டணச் சாவடியும் பாராளுமன்றமுமே.

இதனால் நோர்வேயைப் பீடத்தில் ஏற்றிவிடலாகாது. வரி வருமானத்தை விட்டுக்கொடுக்க அதன் திறைசேரியால் இயன்றதற்கு வடகடலின் எண்ணெயும் வாயுவும் துணைநின்றன. அவை இன்றும் பிறநாடுகளில் எரிகின்றன. புதிய கார் வாங்க வசதியுள்ளவனுக்கே அச்சலுகை பயன்பட்டது. 2005 முதல் பஸ் பாதைகளும் மின்சாரக் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கார்கள் பெருகியதும் பஸ்ஸிற் செல்லும் தொழிலாளியே நெரிசலைத் தாங்கினான். கட்டுப்பாடுகள் பிறகே வந்தன.

இன்னும் தொலைவிற் பார்ப்போம். பற்றரிகள் பலவற்றுக்குத் தேவையான கோபால்ட் உலோகத்தில் உலக உற்பத்தியின் பெரும்பங்கு கொங்கோ நாட்டினுடையது. அதில் ஒரு பகுதியை மக்கள் வெறுங்கையாலும் சிறு கருவிகளாலும் தோண்டுகின்றனர். அவர்களுட் சிறுவரும் இருந்தமையைச் சர்வதேச மன்னிப்புச் சபை 2016இல் வெளிப்படுத்தியது. புகைக்கு விலை குறித்த அந்த விலைச்சீட்டில் இச்சிறுவருக்கென ஒரு வரியும் இல்லை. அவர்களின் துன்பம் புகையைவிடச் சிறியதென்பது இதற்குக் காரணமன்று. அவர்களுக்காகச் சாவடியை மறித்து நின்று வென்றோர் இன்னும் இல்லை என்பதே காரணம்.

ஆகவே, ‘நீ எந்தக் காரை வாங்கினாய்?’ என்ற கேள்வியால் ஒருவனின் அறத்தை அளக்க முடியாது. காரே வாங்க இயலாத கோடிக்கணக்கான மக்களை அக்கேள்வி கணக்கிலேயே எடுப்பதில்லை. விலையை எழுதுபவர் யார், எவர் நலனுக்காக எழுதுகின்றனர், எவருடைய உழைப்பை எழுதாமல் விடுகின்றனர் என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். இவற்றைக் கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. வகுப்பறையிலும் கேட்கலாம், தொழிற்சங்கத்திலும் கேட்கலாம். நல்லவராக இருப்பதற்குச் செல்வராக இருக்க வேண்டிய நிலையை மாற்றும் பணி அங்கிருந்தே தொடங்க வேண்டும்.