களங்கமல்ல, கிருமி!

மருத்துவர் சொல்லிவிட்டார் – ஹெர்ப்பிஸ் என்று. ஒரே ஒரு சொல்! கேட்டவர், கொப்புளத்தின் எரிச்சலினும் பன்மடங்கு எரிச்சலை உள்ளத்திலே சுமந்து வீடு திரும்புகிறார். வீட்டிலே காத்திருப்பது அன்புத் துணை. சொல்வதா? மறைப்பதா? மறைத்தால் நெஞ்சு சுடும்; சொன்னால் துணை பிரியுமோ என்ற அச்சம் சுடும்! மருத்துவத்தோடு முடிந்துவிடாத கேள்வி இது; அறத்தின் வாயிலிலே வந்து நிற்கும் கேள்வி. ஆகவேதான் இதனைப் பேச முற்படுகிறோம்.

பேசத்தகாத பொருள் என்பர் சிலர். பேசாதிருந்து கண்ட பயன் என்ன? உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 84 கோடியே 60 இலட்சம் பேர், அதாவது ஐவரில் ஒருவருக்கு மேல், பிறப்புறுப்பு ஹெர்ப்பிசோடு வாழ்கின்றனர். பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை, இருப்பினும் மிகச் சிறிதே. இத்தனை கோடி மக்களும் ஒழுக்கம் கெட்டோரா?

இக்கிருமி இருவகை. முதல்வகை பெரும்பாலும் இளமையிலேயே உதட்டிலே தங்குவது. வாயின் வழியே பிறப்புறுப்புக்கும் பரவவல்லது. உதட்டிலே வந்தால் காய்ச்சல் கொப்புளம் என்று கூறி மறந்துவிடுகிறோம். இடம் மாறி வந்தால் இழுக்கு என்று ஏசுகிறோம்! உடலிலே புகுந்த கிருமி நரம்பு முடிச்சிலே பதுங்குகிறது. பல திங்கள், பல ஆண்டுகள்கூட உறங்கிக் கிடக்கிறது. இன்று முளைத்த முதற் கொப்புளம், என்றோ பெற்ற தொற்றாக இருக்கலாம். எனவே, 'யார் துரோகி?' என்று துடிக்கும் துணைக்கு நாம் கூறுவோம்: கொப்புளம் தேதியிட்ட கடிதமன்று, அதை வைத்துத் தீர்ப்பெழுதாதீர்!

அமெரிக்காவிலே நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஹாதார்ன் 1850இல் எழுதிய புதினத்திலே, ஊரார் ஒரு பெண்ணின் மார்பிலே சிவப்பெழுத்தைச் சூட்டிக் கூனிக் குறுக வைத்தனர். 1982 ஆகஸ்டிலே 'டைம்' இதழ், அந்தச் சிவப்பெழுத்தையே ஹெர்ப்பிசுக்கு உவமையாக்கி அட்டையிலே பொறித்தது. அதே 1982இல்தான் அசைக்ளோவிர் களிம்பு அந்நாட்டிலே ஒப்புதல் பெற்றது. அம்மருந்தை ஆக்கித் தந்த ஆய்வுக்குழுவிலே முதன்மையானவர் கெர்ட்ரூடு எலியன். பெண் என்பதாலேயே ஆய்வுக்கூடங்கள் ஏற்க மறுத்தவர், 1988இல் நோபல் பரிசு பெற்றவர். ஒரு கை பழியை எழுதிற்று. ஒரு கை மருந்தை நீட்டிற்று. எந்தக் கை மனிதகுலத்தின் கை?

பழிதானும் சமமாகப் பங்கிடப்படுகிறதா? ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றுவதே எளிது என்கிறது மருத்துவம். ஆயினும் ஆணுக்கு வந்தால் வாலிபத்தின் வழுக்கல். பெண்ணுக்கு வந்தால் குலத்துக்கே கறை! நீதியா இது?

நோய் குற்றமன்று என்றோம். அப்படியாயின் மறைத்தலும் குற்றமன்றோ என்று கேட்பீர். இல்லை! கொப்புளம் இல்லாத நாளிலும் கிருமி பரவக்கூடும். அந்த இடரை ஏற்பதா, தவிர்ப்பதா என்று முடிவு செய்யும் உரிமை துணைக்கு உண்டு. மௌனம் அவ்வுரிமையைத் திருடுகிறது.

துணை பிரிந்துவிட்டால்? பிரியலாம், வாய்மைக்குப் பரிசு உறுதியென்று நாம் பொய் கூற மாட்டோம். பரிசை எண்ணிச் சொல்வது வாணிபம். பிறர் உரிமையை எண்ணிச் சொல்வதே அறம். சொல்லுமுன் கிருமியின் இயல்பை அறிந்து கொள்க. அமைதியான வேளையிலே சொல்லுக. அடியோடு அகற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் நாள்தோறும் உண்ணும் மாத்திரை, துணைக்குத் தொற்றும் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாக்குகிறது. ஆணுறை மேலும் குறைக்கிறது. புண் உள்ள நாட்களிலே விலகியிருத்தல் வேண்டும். கருவுற்றால் மருத்துவரிடம் மறைக்கலாகாது. பிறக்கும் குழந்தைக்குத் தொற்றினால் பேரிடர்.

கேட்கும் துணைக்கும் கடமை உண்டு. ஏற்பதும் விலகுவதும் உம் உரிமை. இழித்துரைப்பது எவருக்கும் உரிமையன்று. நம்பி உரைத்த உண்மையை ஊருக்கு உரைக்காதீர். நரம்பிலே உறங்கும் கிருமியோடு மாந்தர் நெடுநாள் நலமாக வாழ்கின்றனர். நெஞ்சிலே உறங்கும் பொய்யோடு எந்தக் காதல் வாழ்ந்தது?