விட்ட இடத்தில் எதை வைப்பது?

குடியை விட வேண்டும், புகையிலையை விட வேண்டும் என்று தாங்கலுக்கு வந்து அய்யாவிடம் வேண்டிக்கொள்பவர்கள் பலர். திருநாளுக்குக் கொடியேறிய நாள் முதல் பதினோரு நாளும் ஒரு சொட்டுகூடத் தொடாதவர்கள் உண்டு. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அவர்களில் சிலர் மறுபடி கடைப்பக்கம் போய்விடுகிறார்கள். உடனே நாம், "அவனுக்கு ஏது பக்தி, எல்லாம் வேஷம்" என்கிறோம். இந்தப் பேச்சு சரிதானா?

அந்தப் பதினோரு நாளும் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். விடியுமுன் குளித்தார், நாமம் இட்டார், தலைப்பாகை கட்டிப் பணிவிடைக்கு நின்றார். அன்னதர்மத்துக்குக் காய் நறுக்கினார், அண்டா கழுவினார். வழக்கமாகக் கடைக்குப் போகும் சாயங்கால நேரத்தில் பவனிக்கு வேண்டிய வேலையில் இருந்தார். பன்னிரண்டாம் நாள் அதே நேரத்துக்குப் பந்தல் பிரித்தாயிற்று, கையில் வேலை இல்லை, வா என்று கூப்பிட ஆளும் இல்லை. உடம்புக்கு மட்டும் அந்த நேரம் மறக்கவில்லை. பக்தி குறைந்து போனார் என்பதைவிட, அந்த ஒரு மணி நேரம் காலியாகக் கிடந்ததால் போனார் என்றே எனக்குப் படுகிறது.

அய்யா சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து மீண்டு வந்தபின் நடந்த துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். சுமார் 700 குடும்பங்கள் முதலில் வாகைப்பதியிலும் பிறகு முட்டப்பதியிலும் கடலோரம் தங்கினார்கள். தினம் மூன்று வேளைக் குளியல். உடுத்த துணியை அன்றன்றே துவைத்து உடுக்க வேண்டும். பச்சரிசியும் சிறுபயறும் ஒன்றாக வேகவைத்து ஒரே வேளைச் சாப்பாடு. மீனும் இறைச்சியும் கிடையாது. அந்த மக்கள் அழுக்கை ஆசைப்பட்டு வைத்திருந்தவர்கள் அல்லர். ஊழிய வேலையில் உடம்பு ஒடிந்தவர்கள், நினைத்த கிணற்றில் தண்ணீர் மொள்ள முடியாதவர்கள், தலையில் துண்டு கட்டவும் உரிமை இல்லாதவர்கள். அவர்களிடம் "சுத்தமாக இருங்கள்" என்று ஒரு வார்த்தை உபதேசம் சொல்லி அனுப்பியிருக்கலாம். அய்யா அப்படிச் செய்யவில்லை. விடிந்தது முதல் படுக்கும் வரை செய்வதற்கு ஒரு காரியம் கொடுத்தார். அதையும் தனி ஆளாகச் செய்யச் சொல்லவில்லை, கணவன் மனைவி பிள்ளைகள் என்று குடும்பத்தோடு செய்தார்கள். இன்று குடியை விட நினைப்பவரோ தனியாகக் கிடந்து விட வேண்டியிருக்கிறது. வீட்டார் செய்வது பெரும்பாலும் சட்டைப்பையைத் துழாவிப் பார்ப்பதோடு சரி.

நம் வழிபாட்டிலும் இதே முறைதான். ஆடு கோழி பலியிட்ட கைக்குச் சுருள் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். சிலை இருக்கும் இடத்தில் கண்ணாடி வந்தது. துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நின்றவன் அதையே தலையில் கட்டி நிமிர்ந்து நின்றான். எடுத்த இடம் எதுவும் வெறுமனே விடப்படவில்லை.

விருத்தாசலத்தில் செராமிக் வேலை பார்க்கும் நமக்கு இதில் ஒன்று விளங்கும். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மை கோணிப்போனால் எறிய மாட்டோம். தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்து மறுபடி அச்சில் ஊற்றுவோம். சூளைக்குப் போய்வந்த பொம்மை எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. பதினைந்து வயதுப் பையன் புகையிலைப் பொட்டலத்தை வாயில் அடக்கும்போதே நாம் கவனிக்க வேண்டும் என்பது இதனால்தான். சுட்டுப்போனதை மட்டும் குப்பையில் கொட்டிவிடலாமா என்றால், அதையும் இடித்துத் தூளாக்கிப் புதுக் களிமண்ணில் சேர்ப்பது உண்டு, சேர்த்தால் காயும்போது சுருக்கம் குறையும். வேலைதான் அதிகம். உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது, மனிதன் களிமண் அல்ல.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பார்கள். 21 நாள் என்பார்கள், ஒரு மண்டலம் என்பார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்த ஒரு ஆராய்ச்சியில், புதுப் பழக்கம் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை என்பதும் அதில் உண்டு. அதுவும் பழம் தின்பது, ஓடுவது போன்ற நல்ல பழக்கங்களுக்குத்தான். குடியை விடுவது இதைவிடக் கஷ்டம். அப்படியிருக்கப் பதினோரு நாளில் ஒருவர் தேறவில்லை என்று வேஷக்காரர் பட்டம் கட்டுவது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். உயிருக்கு ஆபத்து. பதம் வாங்கிக்கொள்ளட்டும், கூடவே டாக்டரிடமும் அழைத்துப்போக வேண்டும்.

"பழக்கதோஷத்தில் குளித்து நாமம் இடுவது பக்தியா?" என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல கேள்விதான். முதலில் கை பழகுகிறது, மனசு பின்னால் மெதுவாக வருகிறது என்பது என் எண்ணம். ஆனால் கை நன்றாகப் பழகியும் மனசு வராமல் நின்றுவிடுவதும் நடக்கிறது. குடியை விட்ட இடத்தில், குடிப்பவனை ஏளனம் பேசும் பழக்கத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டவர்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? அவர்களும் தினமும் கண்ணாடி முன்தான் நின்று கும்பிடுகிறார்கள்.

1935-ல் அமெரிக்காவின் அக்ரன் என்ற ஊரில் இரண்டு குடிகாரர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நின்று குடியை விட்டார்கள். அவர்கள் தொடங்கிய கூட்டம் இன்று நம் நாட்டிலும் நடக்கிறது. விட்டவர் விட நினைப்பவரைத் தேடிப் போவதுதான் அதில் முக்கியமான ஏற்பாடு. நமக்குத் தாங்கல் இருக்கிறது, தினமும் பணிவிடை இருக்கிறது. கொடி இறங்கிய மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மணி நேர வேலை வைத்துக்கொள்வோம். விளக்குத் துடைக்கலாம், வாசல் கூட்டலாம், ஏடு வாசிக்கலாம். வர விரும்புகிறவர்கள் இப்போதே பெயர் கொடுக்கலாம். அன்று வராதவரை வீடு தேடிப் போய் அழைத்துவர, வண்டி வைத்திருக்கும் நான்கைந்து பேரும் வேண்டும்.

அய்யா உண்டு.