கணக்கும் குரலும்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே மணப்பாடு, பெரியதாழை, உவரி எனக் கடலோரமாகவே சென்றால் இடிந்தகரையை அடையலாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபோது, பிற நாட்டு மக்கள் மனமிரங்கி அனுப்பிய உதவி, தொண்டு நிறுவனங்கள் வழியாக மீனவர்க்கு வீடாகவும் படகாகவும் வலையாகவும் வந்து சேர்ந்தது. அரசும் அந்நிறுவனங்களோடு கைகோத்து நின்றது.

ஆறாண்டுகள் கழிந்தன. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் அணுஉலை விபத்து நேர்ந்தது. அதே ஆண்டில் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் மக்கள் உண்ணாநோன்பு இருந்தனர். 2012-இல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், இவ்வெதிர்ப்புக்குப் பின்னால் அமெரிக்கச் சார்புடைய தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகக் கூறினார். தூத்துக்குடி மறைமாவட்டத்தின் அமைப்புகள் மீதும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை பாய்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று மணப்பாட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார்.

வீடு கட்டியபோது தூயதாய் இருந்த பணம், வீட்டிலிருப்போர் வினா எழுப்பியதும் மாசடைந்துவிடுமோ?

அரசு கணக்குக் கேட்பது தவறன்று. பொதுப்பணத்தைக் கையாள்வோர் எவராயினும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவரே. திருச்சபையின் அமைப்புகளும் அதற்கு விலக்கல்ல. ஆனால் கணக்கைச் சரிபார்ப்பது வேறு, கணக்கைக் காட்டிக் குரலை அடக்குவது வேறு. ஒரு கூற்று மெய்யா பொய்யா என்பதை அதனைச் சொன்னவரின் வங்கிக் கணக்கைக் கொண்டு அறிய இயலாது. கூடங்குளத்து உலைகளே 1988-இல் சோவியத் ஒன்றியத்தோடு செய்த ஒப்பந்தத்தால் வந்தவைதாம். உலை அயல்நாட்டிலிருந்து வரலாம், அதனைப் பற்றிய அச்சம் மட்டும் அயலாரின் தூண்டுதல் என்பது நேர்மையான வழக்காகுமா?

இச்சட்டம் முதன்முதலில் 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில் பிறந்தது. 2010-இல் புதிய சட்டமாயிற்று. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், நன்கொடையைப் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளை வழியாகவே பெற வேண்டும் என்றது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெற்ற நிதியைச் சிற்றூர்களில் உழைக்கும் சிறு அமைப்புகளோடு பகிர்ந்துகொள்வதையும் தடுத்தது. மனித உரிமைப் பணிக்குக் களப்பணியாளரும் வழக்கறிஞருமே கருவிகள். அவர்தம் ஊதியம் நிர்வாகச் செலவாகக் கருதப்படுமாயின் பணியே நின்றுபோகும். மதுரையிலுள்ள மக்கள் கண்காணிப்பகத்தின் பதிவு 2012-இல் இடைநிறுத்தப்பட்டது. 2016-இல் அதன் புதுப்பித்தலும் மறுக்கப்பட்டது. ஆனால் அதே 2016-இல், அயல்நாட்டுப் பங்குடைய நிறுவனங்களிடமிருந்து அரசியல் கட்சிகள் நன்கொடை பெறுவதற்கு வழி எளிதாக்கப்பட்டது. நிறுக்கும் கோல் ஒன்றெனில், படிக்கற்கள் இரண்டாக இருக்கலாகுமா?

வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமையன்று என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்து, அத்திருத்தத்தின் பெரும்பகுதியை ஏற்றது. ஆயினும் அரசியல் நோக்கமின்றி மக்களின் கோரிக்கைக்குத் துணைநிற்கும் அமைப்பை அதற்காகவே தண்டிக்கலாகாது என்று 2020-இல் அதே நீதிமன்றம் சொன்னதையும் நாம் மறக்கலாகாது.

இங்கே நம்மை நோக்கியும் ஒரு வினா எழுகிறது. கொடிமரத்துக்கும் தேருக்கும் திருவிழாப் பந்தலுக்கும் மனமுவந்து வரி கொடுக்கும் நாம், காவல் நிலையத்தில் அடிபட்ட ஏழையின் வழக்குச் செலவுக்கு என்றேனும் கொடுத்ததுண்டா? அயலானின் உரிமையைக் காக்கும் செலவை இத்தனை காலமும் தொலைதூரத்து மனிதர்கள் ஏற்றனர். அவ்வழி அடைபடும்போது, தன் சகோதரனைக் குறித்துக் காயினிடம் கேட்கப்பட்ட கேள்வி நம் பங்குகளை நோக்கித் திரும்புகிறது. ஒவ்வொரு அன்பியமும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை அதற்கென ஒதுக்கலாம். அந்தக் கணக்கை எவர் கேட்டாலும் நாம் அஞ்சாமல் விரித்துக் காட்டலாம்.