கரடி மேல தப்பில்ல

'சிவபூஜையில் கரடி' என்று சொல்லும்போது நாம் யாரும் கரடியை நினைப்பதில்லை. வேண்டாத நேரத்தில் உள்ளே வருகிற ஆளைத்தான் நினைக்கிறோம். அது விலங்கே இல்லை, கரடிகை என்ற வாத்தியம் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படாது. அங்கே கரடி நிஜமாகவே கோயில் கதவை உடைத்து உள்ளே போகிறது, விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிக்க.

தாம்பரத்தில் இருக்கும் எனக்குக் கரடி என்றால் வண்டலூர்தான். நடுவில் அகழி. அந்தப் பக்கம் கரடி, இந்தப் பக்கம் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நான். அகழி இருக்கிறவரை கரடியிடம் அன்பாக இருப்பதில் எனக்கு எந்தச் செலவும் இல்லை. இது உறைத்தது எங்கள் தெரு மளிகைக்கடையில்.

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே, ஊர் ஊராக பைக்கில் போய் மசாலா விற்கும் ஒருவர் மேல் கரடி பாய்ந்தது. காப்பாற்ற ஓடிய இரண்டு பேரையும் அது விடவில்லை. அந்த வீடியோ எல்லோர் போனுக்கும் வந்தது. கடைக்கார அண்ணாச்சிக்கும் அந்தப் பக்கம்தான் ஊர். அவர் போனை நீட்டினார். நான் பார்த்துவிட்டு, படித்தவன் தோரணையில் சொன்னேன்: "கரடி மேல தப்பில்ல அண்ணாச்சி."

தெரிந்துதான் சொன்னேன். நம் ஊர்க் கரடி மனிதனைத் தின்னும் விலங்கல்ல. கறையானும் எறும்பும் பழமும் தேனும்தான் அதன் சாப்பாடு. கறையானை உறிஞ்சுவதற்கு வசதியாக மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு கிடையாது. குட்டிகளை முதுகில் சுமந்து திரியும். கண்பார்வை மந்தம் என்பதால் ஆள் வருவது கிட்ட வந்த பிறகுதான் தெரியும். புலியோடு காட்டைப் பங்குபோட்டு வாழும் விலங்கு அது. திடுக்கிட்டால் ஓடுவதைவிட எதிரே பாய்வதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. புற்றைப் பிளக்கிற அதே நகம் மனிதனின் முகத்தில் விழுகிறது. அதில் வன்மம் இல்லை, பயம்தான் இருக்கிறது.

அண்ணாச்சி பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டார்: "சரி தம்பி, கரடி மேல தப்பில்ல. அப்ப காலையில யாவாரத்துக்குப் போன மனுசன் மேலயா தப்பு?"

"அப்படிச் சொல்லல..." என்று இழுத்தேன். ஆனால் அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஒரு பக்கம் தப்பில்லை என்று தீர்ப்பு சொன்னதும், தப்பு தானாக அடுத்த பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'காட்டுப் பக்கம் ஏன் போனான்?' என்று யாரோ கேட்டுவிடுகிறார்கள்.

என் வேலையில் சர்வர் விழுந்தால் மறுநாள் ஒரு கூட்டம் நடக்கும். யார் தப்பு என்று கேட்கக் கூடாது, எந்தச் சூழல் அதற்கு இடம் கொடுத்தது என்று மட்டும் பார்க்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. கரடிக்கும் இதையே வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும். நஷ்டம் யார் முகத்திலும் கிழிந்து தொங்குவதில்லை. யார் தப்பு என்று கேட்காமல் இருக்கலாம். யாருக்கு நஷ்டம் என்று கேட்காமல் இருக்க முடியாது.

மனுநீதிச் சோழன் கதையை நாம் நீதி தவறாத அரசனின் கதையாகவே படித்திருக்கிறோம். இப்போது எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. இளவரசன் வேண்டுமென்று தேரை ஏற்றவில்லை. கன்றுதான் துள்ளிக் குறுக்கே வந்தது. ஆனால் 'கன்று ஏன் தெருவுக்கு வந்தது?' என்று கேட்டு அரசன் வழக்கை முடிக்கவில்லை. அவன் கொடுத்த தண்டனையை நான் ஏற்கவில்லை. ஆனால், எண்ணம் இல்லாமல் நடந்த தீங்குக்கும் கணக்கு உண்டு என்று அவன் ஒப்புக்கொண்டதை ஏற்கிறேன். பசு இழுக்க ஒரு மணியாவது திருவாரூரில் தொங்கியது.

கடையத்துக்காரர் இழுக்க வேண்டிய மணி எங்கே இருக்கிறது? அரசு நிவாரணம் தருகிறது, உண்மைதான். ஆனால் முகம் கிழிந்தவன் மறுபடி பைக் எடுத்து, அதே சாலையில், அதே நேரத்துக்குக் கிளம்பும் நாள்வரை அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அதைக் கரடி தர முடியாது. அந்தக் காடு வேண்டும், கரடி வேண்டும், அங்கே பிறக்கும் தாமிரபரணி வேண்டும் என்று சொல்கிற நான்தான் தர வேண்டும். என் வரியில், என் ஓட்டில், வேறு வழி இருந்தால் அதிலும். காடு பொது என்றால் அதன் அருகே வாழும் ஆபத்தும் பொதுச் செலவுதான். அந்தச் செலவில் பங்கு போடாமல் கரடியை மன்னிக்க எனக்கு உரிமை இல்லை. காயம் பட்டது நானில்லை.

மயக்க ஊசி போட்டுப் பிடித்த அந்தக் கரடியைக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அது செத்துப்போனது. செய்தியை அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அடப்பாவமே, அதுவும் போச்சா?" என்றார். கொஞ்ச நேரம் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கரடி மேல் தப்பு என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.