பொழி திறக்கட்டும்



திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ள பூவார், நெய்யாறு கடலைச் சேரும் ஊர். அங்கே படகில் ஏறுவோரை, அலையாத்திச் செடிகளும் தென்னைகளும் கவிந்த நீர்வழிகள் வரவேற்கின்றன. பயணத்தின் முடிவில் மணல்மேடு ஒன்று தென்படும். அதற்கு அப்பால் அரபிக்கடல். கண்டு மகிழ்ந்தபின் படகு திரும்பிவிடும். பயணிகளுக்கு அது போதும். ஆனால் நதிக்கு?

அகத்தியரின் பெயர் தாங்கிய மலைத்தொடரில் தோன்றி, 56 கி.மீ. ஓடி வருகிறது நெய்யாறு. அதே மலைத்தொடரில் பிறந்த தாமிரபரணி கிழக்கே செல்ல, இது மேற்கே வருகிறது. இவ்வளவு தூரம் வந்த நதி, அலையோசை கேட்கும் இடத்தில் நின்றுவிடுவதுண்டு. மழை குறைந்து நீரோட்டம் தளரும்போது, அலைகள் குவிக்கும் மணல் கழிமுகத்தை அடைத்துவிடுகிறது. இக்கழிமுகத்தை அவ்வூரார் 'பொழி' என்பர்.

உலகம் வியக்கும் நார்வே நாட்டு ஃபியோர்டுகளிலும் இத்தகைய தடை உண்டு. பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல்நீர் புகுந்து உண்டானவை அவை. அவற்றுள் மிக நீண்டதான சோக்னே ஃபியோர்டின் ஆழம் 1,300 மீட்டருக்கும் அதிகம். ஆயினும் கடலைச் சந்திக்கும் வாயிலில் தரை உயர்ந்து, ஆழம் மிகக் குறைந்துவிடுகிறது. இத்தகைய தடையால் சில ஃபியோர்டுகளில் அடிநீர் புதுப்பிக்கப்படாமல் தேங்கி, உயிர்வாயுவை இழக்கிறது.

சாதகனின் நிலையும் இதுவே. படிப்பும் ஜபமும் சத்சங்கமும் அவனுக்கு ஆழத்தைத் தந்திருக்கலாம். 'நான் அறிந்தவன், நான் உயர்ந்தவன்' என்ற அஹங்காரம் வாயிலை அடைத்தால் அந்த ஆழமே தேக்கமாகிவிடும். நதிகள் பெயரும் உருவமும் நீங்கிக் கடலில் ஒன்றுவதை, ஞானியின் நிலைக்கு உவமையாக முண்டகோபநிஷதம் கூறுகிறது. பெயரை விட மனமில்லாத நதி கடலாவது எவ்வாறு?

பொழி இருவகையில் திறக்கும். மழைவெள்ளம் பெருகினால் நதியே மணலை உடைக்கும். இல்லையேல், மனிதர் சிறு வாய்க்கால் ஒன்றை வெட்டிவிடுவர். பிறகு பாயும் நீரே அதை அகலமாக்கிக்கொள்ளும். முன்னது பக்தியின் பெருக்கு. பின்னது குருவின் கிருபை. எவ்வாறு திறந்தாலும் அலைகள் மீண்டும் மணலைக் குவிக்கும். ஆதலால் சாதனைக்கு ஓய்வில்லை.

இதே நெய்யாற்றின் கரையில் உள்ள அருவிப்புறத்தில், 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று, ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். பிறப்பின் பெயரால் மக்களுக்குக் கோயில் வாயில்கள் அடைக்கப்பட்டிருந்த காலம் அது. 'நான் உயர்ந்தவன்' என்ற மணல், ஒரு சமூகத்தின் வாயிலையே மூடியிருந்தது. அன்று வெட்டப்பட்ட வாய்க்காலைப் பலரது தியாகங்கள் அகலமாக்கின. 48 ஆண்டுகளுக்குப் பின், 1936-இல், திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது.

நம் வீட்டில் பணிபுரிபவர் எந்தப் பாத்திரத்தில் நீர் அருந்துகிறார்? சத்சங்கத்தில் யார் அருகில் அமர நாம் தயங்குகிறோம்? மணல் அங்கேதான் குவிந்திருக்கிறது. கரையை மட்டும் கண்டு திரும்பும் பயணிகளாக நாம் இருந்துவிட வேண்டாம். இன்றே அந்த இடத்தில் ஒரு பிடி மணலை அகற்றுவோம். பாய்ந்து வரும் நீர் மற்றதைச் செய்துகொள்ளும்.