ஒரு சோறு பதமா?

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோம். இந்தப் பழமொழிக்குள் சத்தமில்லாமல் ஒரு நிபந்தனை இருக்கிறது. பானை முழுக்க ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். அடியில் குழைந்து, மேலே நறுக்கரிசியாகக் கிடக்கிற பானையில், நீங்கள் எடுத்த சோறு அந்த ஒரு சோற்றைப் பற்றி மட்டும்தான் பேசும்.

கல்லீரல் பயாப்ஸியும் இப்படி ஒரு சோறு எடுத்துப் பார்ப்பதுதான். வளர்ந்த ஒருவரின் ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை விட்டு எடுக்கிற சதையோ ஒரு சேமியாத் துண்டு அளவு. சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். மொத்த ஈரலில் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்கு.

2002-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ஹெபடைடிஸ் சி இருந்த 124 பேருக்கு ஈரலின் வலது மடலிலிருந்தும் இடது மடலிலிருந்தும் ஒரே சமயத்தில் சதை எடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்குத் தழும்பின் கட்டம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. 18 பேருக்கு ஒரு மடலில் சிரோசிஸ், மற்ற மடலில் அதற்கு முந்தைய கட்டம். ஆள் ஒருவர்தான், ஈரலும் ஒன்றுதான். ஊசி இடப்பக்கம் போனால் ஒரு விதி, வலப்பக்கம் போனால் இன்னொரு விதி.

‘சதை எடுத்துப் பாத்துட்டா தெரிஞ்சிடும்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த வாக்கியத்தைத்தான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். என்ன தெரியும்? யாருக்குத் தெரிய வேண்டும்? அந்தத் தெளிவுக்காக ஓர் உடம்பை எவ்வளவு தூரம் துளைக்கலாம்?

திறந்து பார்த்தால் உண்மை தெரியும் என்ற நம்பிக்கை பழையது. இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக். 1819-இல், இறந்தவர்களின் உடலைத் திறந்தபோது பார்த்த மஞ்சள் பழுப்பு நிறத்தை வைத்து, கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சிரோசிஸ்’ என்றார். அதாவது, ஆள் இறந்த பிறகே உறுதியாகத் தெரிந்த நோய் இது. உயிரோடு இருப்பவரின் ஈரலைப் பார்க்க வழி திறந்தது ஊசிதான். 1958-இல் இத்தாலியின் மென்கினி, ஊசி ஈரலுக்குள் ஒரே ஒரு விநாடி இருந்தால் போதும் என்ற முறையை எழுதிய பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. பல பத்தாண்டுகளுக்கு அதுவே கடைசித் தீர்ப்பு.

இன்று அப்படி இல்லை. பெரும்பாலான நோயாளிகளுக்கு ஊசி இல்லாமலே சிரோசிஸ் கண்டறியப்படுகிறது. ஒரே சாட்சியை நம்பாமல், பல சாட்சிகளைக் கூப்பிடுகிறார்கள். மஞ்சளான கண், சிவந்த உள்ளங்கை, மார்பில் சிலந்தி போலப் படர்ந்த ரத்தக்குழாய், நீர் கோர்த்த வயிறு, வீங்கிய மண்ணீரல். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைகிறதா, அல்புமின் குறைகிறதா, ரத்தம் உறைய நேரமாகிறதா என்று பார்க்கிறார்கள். ஸ்கேனில் ஈரலின் மேற்பரப்பு மேடுபள்ளமாகத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு ஃபைப்ரோஸ்கேன். விலாவின் மேல் ஒரு கருவி லேசாகத் தட்டும். அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அளந்து, இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் கணக்கில் சொல்லும். 10-க்குக் கீழே இருந்து வேறு அறிகுறிகளும் இல்லையென்றால் முற்றிய நோய் இருக்க வாய்ப்புக் குறைவு. 15-க்கு மேலே போனால் வாய்ப்பு மிக அதிகம். சாப்பிட்டவுடன் எடுத்தாலோ, ஈரலில் கடும் அழற்சி இருந்தாலோ அளவு பொய்யாக ஏறும். அதனால்தான் இதையும் தனிச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கருவியால் கடுமையான தழும்பையும் சிரோசிஸையும் துல்லியமாகப் பிரிக்க முடியாது. அதற்காக, பிரித்தே தீருவோம் என்று ஊசியை எடுக்கவில்லை. 2015-இல் இத்தாலியின் பவேனோ மாநாட்டில் கூடிய நிபுணர்கள் இரண்டையும் சேர்த்துக் குறிக்க ஒரு பொதுப்பெயரையே வைத்தார்கள். இரண்டு நிலையிலும் நோயாளிக்குத் தேவையான கண்காணிப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், அந்தக் கோட்டைத் தெரிந்துகொள்ள அவர் ஏன் வலியைத் தாங்க வேண்டும்? தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைப்பதும் ஓர் அறம்தான்.

அப்போ பயாப்ஸியே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குகிற நோய் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் அதற்கு ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கும். தப்பான ஆளுக்குக் கொடுத்தால் கெடுதல், சரியான ஆளுக்குக் கொடுக்காவிட்டால் ஈரலே போகும். பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாக நின்றாலும், காரணமே பிடிபடாவிட்டாலும் ஊசி தேவைப்படும். ரத்தம் உறையாதவர்களுக்கும், வயிற்றில் நீர் கோர்த்தவர்களுக்கும் கழுத்து நரம்பு வழியாக எடுக்கிற முறையும் இருக்கிறது. வலி பலருக்கும் வரும், பெரிய ரத்தக்கசிவு அபூர்வம், உயிரிழப்பு பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில் சொல்லப்படுகிறது. சிறிய எண்தான். ஆனால் அந்த ஒருவர், பதில் எதையும் மாற்றாத ஒரு கேள்விக்காகப் படுத்தவராக இருந்தால்?

இன்னொரு கடனையும் சொல்லியாக வேண்டும். ஃபைப்ரோஸ்கேன் காட்டும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எப்படித் தெரிந்தது? ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பயாப்ஸியும் செய்து, கருவியையும் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுத்தான். இன்று ஒருவர் ஊசி குத்திக்கொள்ளாமல் அரைமணி நேரத்தில் வீட்டுக்குப் போகிறார் என்றால், முன்னால் படுத்த முகம் தெரியாதவர்களின் வலி அதற்குள் இருக்கிறது. அவர்களுக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை, தேவையில்லாத இடத்தில் ஊசியை எடுக்காமல் இருப்பது.

மருத்துவத்துக்குத் தேவையில்லாமல், ஊருக்குப் பதில் சொல்வதற்காகக் கேட்கப்படும் பயாப்ஸியும் உண்டு.

என் சித்தப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். இருபது வருடச் சர்க்கரை. சொட்டுக்கூடத் தொட்டதில்லை. சிரோசிஸ் என்று தெரிந்த வாரத்திலேயே சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘வெளிய தெரியாம சாப்பிடுவாரோ?’ நம் ஊரில் ஈரல் கெட்டது என்றால் காரணம் ஒன்றுதான். அவர் மகளால் அதைத் தாங்க முடியவில்லை. டாக்டரிடம் கேட்டாள்: “சதை எடுத்துப் பாத்தா, குடிச்சதால வரலன்னு எழுதித் தருவீங்களா டாக்டர்?”

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “மைக்ராஸ்கோப்ல கொழுப்பு தெரியும்மா, வீங்கின செல் தெரியும், தழும்பு தெரியும். சர்க்கரையால வந்ததும் குடியால வந்ததும் பாக்க அனேகமா ஒரே மாதிரிதான் இருக்கும். அப்பா என்ன சொல்றாரோ அதைத்தான் நாங்களும் நம்பணும்.”

எவ்வளவு நுட்பமான கண்ணாடி வைத்துப் பார்த்தாலும், கடைசியில் ஒரு மனிதரின் சொல்லை நம்ப வேண்டிய இடம் வருகிறது. அந்த நம்பிக்கையைத் தர மனமில்லாதவர்கள்தான் ஊசியைக் கேட்கிறார்கள். நோயின் பெயரிலேயே இந்தச் சந்தேகம் இருந்தது. ‘மது சாராத கொழுப்புக் கல்லீரல் நோய்’ என்று, இல்லாத மதுவை முன்னால் வைத்துத்தான் அழைத்தார்கள். அந்தப் பெயர் நோயாளிகளை அவமானப்படுத்துகிறது என்பதும் ஒரு காரணமாக, 2023-இல் உலக அமைப்புகள் கூடி, வளர்சிதை மாற்றக் கோளாறை முன்வைத்துப் பெயரை மாற்றின.

ஆனால் மகளின் கேள்விக்குள் இன்னொன்றும் இருக்கிறது. அப்பா குடிக்கவில்லை என்று நிரூபித்துவிட்டால் அவர் இரக்கத்துக்கு உரியவர். அப்படியென்றால் பக்கத்துக் கட்டிலில், உண்மையிலேயே குடித்து ஈரல் போனவர்? அவருக்கு வயிற்றில் நீர் கோர்க்காதா, ராத்திரி மூச்சு முட்டாதா? தழும்பு ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஈரல் பார்க்காத பேதத்தை நாம் பார்க்கிறோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பயாப்ஸி என்று சொன்னால் பயந்து மறுக்கவும் வேண்டாம், ‘எடுத்துடுங்க டாக்டர், தெரிஞ்சிக்கலாம்’ என்று தலையாட்டவும் வேண்டாம். ஒரு கேள்வி கேளுங்கள்: “ரிசல்ட் எப்படி வந்தாலும் நீங்க குடுக்கப்போற வைத்தியம் மாறுமா?” மாறும் என்றால் துணிந்து செய்துகொள்ளலாம். மாறாது என்றால், அந்த விடை யாருக்குத் தேவைப்படுகிறது என்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பேசலாம். படுக்கப்போகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.